தலை ஆடி

"இந்த நிமிசமே கிளம்புடி! ஆடி பொறந்தாச்சு, இன்னும் புருசன் வீட்டுல நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

நல்லம்மா போட்ட சத்தத்தில் நமுனுகுல தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான லயமே வாசலுக்கு வந்துவிட்டது. சித்திரையில் கல்யாணமாகி வந்த மருமகள் நிஷாந்தினி, ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். அவளை அழைத்துப்போகப் பெரகலயிலிருந்து அண்ணன் கஜேந்திரன் சீர்த்தட்டோடு ஆட்டோவில் வந்திருந்தான்.

"அம்மா, வாய மூடு!" நல்லம்மாவின் மகன் ரமேஸ் சீறினான். "அவ எங்கயும் போக மாட்டா. என் பொண்டாட்டி என் கண்ணு முன்னாலதான் இருக்கணும்."

"தலை ஆடியில முந்தானையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறியே, நீயெல்லாம் ஆம்பளையா? இப்பத் தங்குனா சித்திரையில பிள்ளை. அது தகப்பனுக்கு ஆகாதுடா!"

"அதெல்லாம் பழைய கதை."

"கேட்டியா கனகம்? மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துற மாசம். தொரைக்குப் பழைய கதையாம்!"

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் கனகம் மோவாயில் கை வைத்தாள். "அம்மா சொல்றது நியாயந்தானே தம்பி? ஊர்ல இல்லாத வழக்கமா? ஒரு மாசம் பொறுக்க முடியலையாக்கும்!"

லயமே சிரித்தது. ரமேஸ் கதவை எட்டி உதைத்தான். "போய்த் தொலையட்டும்!"

கஜேந்திரனுக்கும் பொறுக்கவில்லை. "என்னா அத்தை இது? முறையா அழைக்கத்தானே வந்திருக்கேன்? எங்க வீட்டுப் பிள்ளைய நாய வெரட்டுற மாதிரி வெரட்டுறீங்க!"

"முறைய எனக்குச் சொல்லித் தராத. பெட்டியத் தூக்கு!"

நல்லம்மாவே மருமகளின் துணி முழுவதையும் பெட்டியில் திணித்தாள். கூறைச்சேலையைக்கூட விடவில்லை.

"ஒரு மாசத்துக்கு இதெல்லாம் எதுக்கு அத்தை?" நிஷாந்தினி கேட்டாள்.

"ஒன் கந்தல் என் வீட்டுல எதுக்குடி?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே சரிவில் இறங்கியவள், மருமகளை ஆட்டோவுக்குள் தள்ளினாள்.

"நான் என்ன அத்தை தப்புப் பண்ணேன்?" நிஷாந்தினி தேம்பினாள்.

நல்லம்மா லயத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ரமேஸ் இறங்கி வரவில்லை. உள்ளே குனிந்தபோது அவள் குரல் தணிந்திருந்தது.

"அவன் ஒன்ன அடிக்கிறது தெனமும் எனக்குக் கேக்குது தாயி. அவன் அப்பன்கிட்ட நானும் இப்படித்தான் வாங்குனேன், வந்து கூட்டிப்போக ஆளில்லாமக் கெடந்தேன். ஆவணி பொறந்தாலும் நீ திரும்பி வந்துறாத!"