எடை நல்லா ஏறியிருக்கு

“ஏழு மாசம் ஆச்சு, முதல் ஊசியே இன்னிக்குத்தானா?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இளம் தாய் தன் பெண் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

தடுப்பூசி அறைக்கு வெளியே ஒரே ஒரு நீள பெஞ்சு. எல்லோர் மடியிலும் ஒன்று இருந்தது. என் மடியில் கைப்பை மட்டும். எடை பார்க்க உள்ளே கூட்டிப் போயிருக்கிறார்கள் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

“உடம்பு தாங்கணுமேம்மா. டாக்டர்தான் பொறுக்கச் சொன்னார். இன்னிக்கு ரத்த ரிசல்ட் பார்த்துட்டு, சரின்னா போடுவாங்க. இல்லேன்னா மறுபடியும் காத்திருக்கணும்.”

போன தடவை ‘இல்லை’ என்று திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்குப் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். இன்றும் அதே பதில் வந்தால் தாங்க எனக்குத் தெம்பு இல்லை.

“நீங்க வேலைக்குப் போறீங்களா?”

“ஸ்கூல்ல பயாலஜி டீச்சர்.”

“பயாலஜி டீச்சரா இருந்துக்கிட்டா!” என்று அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பெஞ்சே என் பக்கம் திரும்பியது.

வாங்கிக் கட்டிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

நோய் எதிர்ப்புப் பாடத்தை வருடா வருடம் வாய் கிழிய நடத்தியவள் நான். வெள்ளையணுக்கள்தான் காவல்காரர்கள். ஒரு முறை பார்த்த கிருமியை நினைவுச் செல்கள் மறக்காது. தடுப்பூசி என்பது திருடனின் போட்டோவை முன்கூட்டியே காட்டி வைப்பது. ஊசி போட்ட ராத்திரி லேசாகக் காய்ச்சல் அடித்தால் பதறாதீர்கள், உள்ளே அவர்கள் பாடம் படிக்கிறார்கள் என்பேன். வகுப்பு சிரிக்கும்.

அந்தப் போட்டோக்களில் ஒன்றைக்கூடப் பார்க்காத காவலை வீட்டில் வைத்துக்கொண்டு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தண்ணீரைக் கொதிக்க வைத்து, கையைத் தோல் உரியக் கழுவி, தும்மியவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினேன். ஒரு ஜலதோஷத்துக்காக என் கணவரே ஒரு வாரம் நண்பர் வீட்டில் படுத்துக்கொண்டார்.

இளம் தாய்க்கு என் முகத்தைப் பார்த்து மனம் இளகியிருக்க வேண்டும்.

“யார் ஜாடைக்கா?”

இதைக் கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன்.

“மூக்கு எங்கப்பா. பிடிவாதமும் அவரோடதுதான். ஆனா ரத்தம் என்னோடது. குரூப்புகூட என் குரூப்!”

சொல்லும்போது தலை கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. நிமிரட்டும். அதோடு நிறுத்தினேனா? முடி இப்போதுதான் பஞ்சு மாதிரி முளைக்கிறது என்றேன். போன வாரம் வயிறு முட்டச் சாப்பிட்டான், ஒரு வாய்கூடத் துப்பவில்லை என்றேன்.

“ராத்திரி தூங்குறானா?”

“நல்லாத் தூங்குறான். நாங்கதான் எழுந்து எழுந்து மூச்சு வருதான்னு பார்க்குறோம்.”

“நானும்தான்க்கா!” என்று சிரித்தாள். அந்த நிமிடத்திலிருந்து நாங்கள் இருவரும் ஒரே கட்சி.

கதவு திறந்தது. நர்ஸுக்கு வெண்கலக் குரல்.

“எழுபத்தொரு கிலோ. எடை நல்லா ஏறியிருக்கு. ரிசல்ட்டும் சரியா இருக்கு, ஊசி போட்டுடலாம். டீச்சர் எங்கே?”

பெஞ்சே இப்போது கதவுப் பக்கம் திரும்பியது.

நர்ஸுக்குப் பின்னால், நிலைப்படியில் இடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டு, முகக்கவசத்தோடு என் தம்பி வந்தான். பஸ் டிரைவர். சட்டைக் கையை அதற்குள் தோள் வரைக்கும் சுருட்டி விட்டிருந்தான்.

“அக்கா, போடலாமாம்.”

அவனுக்கு வந்தது ரத்தப் புற்றுநோய். எலும்புக்குள் இருந்த மஜ்ஜையை மருந்தால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, என்னுடையதை ஏற்றினார்கள். அது அவன் எலும்புக்குள் குடியேறி ஏழு மாதம் ஆகிறது. சின்ன வயதில் அவனுக்கு அம்மா போட வைத்த ஊசிகள், வந்து போன அம்மை, எல்லா ஞாபகமும் பழைய மஜ்ஜையோடு போய்விட்டது. இனி எல்லாம் முதலிலிருந்து, இந்த மடிக்குழந்தைகளோடு வரிசையில்.

இவன் என்னிடமே ஏழாம் வகுப்பு படித்தவன். நொதிகள் பாடத்தில், எச்சிலைச் சோதனைக் குழாயில் துப்பச் சொன்னால் பக்கத்துப் பையன் சட்டையில் துப்பியவன். நொதி என்றால் என்ன என்று கேட்டால் இன்றைக்கும் விழிப்பான். ஆனால் அவன் உடம்பில் ஓடும் ஒவ்வொரு சொட்டும் இப்போது ஒரு பயாலஜி டீச்சருடையது. பெருமையாக இருக்காதா?

உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு, இன்னொரு கையை என் பக்கம் நீட்டினான். பிடித்துக்கொண்டேன். திறந்திருந்த கதவு வழியாக அந்தப் பெண் குழந்தை அவனையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

வெளியே வந்தபோது இளம் தாய் எழுந்து அவனுக்கு இடம் விட்டாள். பிறகு என் காதருகே குனிந்தாள்.

“ராத்திரி காய்ச்சல் வரும்க்கா. பயந்துடாதீங்க.”

ஏழு மாதமாக அந்த ஒன்று மட்டும் வந்துவிடக் கூடாது என்றுதான் அவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வரட்டும்மா” என்றேன்.