வியாழக்கிழமைக் கோளாறு

"மோட்டார்ல கோளாறுன்னா புது மோட்டார். ஆள்ல கோளாறுன்னா புது ஆள். ரெண்டுல எதுன்னு இப்பவே தெரிஞ்சாகணும்" என்றார் பள்ளியின் மேலாளர்.

நீச்சல் குளத்தின் ஓரத்தில் நின்ற பம்ப் ஆபரேட்டர் காதைச் சொறிந்தார்.

"நாளைக்குச் சரியாயிடும் சார்."

"பார்த்தியாம்மா? இந்த வாய்க்கு வேற வார்த்தையே வராது. பசங்க இவருக்கு வெச்ச பேரே 'நாளைக்கு மாமா'தான்!"

மோட்டாரைப் பார்க்க வந்திருந்த மெக்கானிக் தோளில் இருந்த பையை இறக்கினாள். சின்னப் பெண். கையில் மட்டும் பெரிய ஆள் மாதிரி கிரீஸ் கறை.

மேலாளர் விடவில்லை. "வாரம் பூரா ஒழுங்கா ஓடுற மோட்டார், வியாழக்கிழமை காலையில மட்டும் மக்கர் பண்ணும். அன்னைக்குத்தான் குளத்தை வடிச்சுக் கழுவணும். சாயங்காலம் ஆனா தானா ஓடும். மோட்டாருக்குக் கிழமை தெரியுமா என்ன?"

"மோட்டாருக்குத் தெரியாது சார். மனுஷனுக்குத் தெரியும்" என்றாள், ஆபரேட்டரை முறைத்தபடி.

மேலாளர் சிரித்துக்கொண்டே அலுவலகத்துக்குப் போனார்.

அவள் குளத்தைப் பார்த்தாள். நுழைவுத் தேர்வில் தேறிய பிள்ளைகளுக்கு மட்டுமான பள்ளி. அரசாங்கப் பணத்தில் கட்டிய குளம். தேறாத பிள்ளைகளின் அப்பா அம்மா கட்டிய வரியும் அந்த நீலத் தண்ணீருக்கு அடியில்தான் கிடக்கிறது. ஆனால் அதை யார் கேட்பது?

"நானும் இந்த ஸ்கூலுக்குப் பரீட்சை எழுதினவதான் அண்ணே. நாலு மார்க்குல போச்சு. கேட் வரைக்கும்தான் வந்தேன். இன்னைக்குத்தான் உள்ளே வர்றேன், ஸ்பானரோட."

"அப்புறம் எங்கேம்மா படிச்சே?"

"பின் தெரு ஸ்கூல்ல. அங்கே குழாயில தண்ணி வந்தாலே கை தட்டுவோம்."

ஆபரேட்டர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ நாளைக்கு வாயேம்மா" என்றார்.

அவளுக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. "ஏன், இன்னைக்கு உடம்பு வளையலையா? ஊர்ப் பணத்துல சம்பளம் வாங்கறீங்க. ஒரு சுவிட்ச் போட இவ்ளோ வலிக்குதா?"

அவர் திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தாள். எதுவும் எரியவில்லை, புகையவில்லை. ஒரே ஒரு ஒயர் மட்டும் கழன்று கிடந்தது. அதன் நுனியில் பதவிசாக டேப் சுற்றியிருந்தது.

"எலி கடிச்சிருக்கு போல அண்ணே. கடிச்சுட்டு டேப்பும் சுத்திட்டுப் போயிருக்கு. ரொம்பப் பொறுப்பான எலி!"

டேப்பைப் பிய்த்தாள். ஒயரை மாட்டினாள். சுவிட்சைத் தட்டினாள். மோட்டார் உறுமியது. குளத்துத் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது.

சத்தம் கேட்டு மேலாளர் ஓட்டமும் நடையுமாக வந்தார். "ஓடுதே! என்னம்மா கோளாறு? உள்ளதைச் சொல்லு. இவர் வேலைதானே?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் பக்கத்துக் கதவு திறந்தது.

ஒரு விளையாட்டு டீச்சர். பின்னால் வரிசையாகப் பிள்ளைகள். சாயம் போன பச்சைச் சீருடை. அதே பச்சையை மெக்கானிக்கும் ஒரு காலத்தில் போட்டவள்தான். எல்லார் கையிலும் துண்டு. துண்டு இல்லாத ஒருத்தி, கிழித்த படுக்கை விரிப்பைச் சுருட்டி வைத்திருந்தாள்.

அந்தச் சிறுமிதான் முதலில் ஓடி வந்தாள். இறங்கும் தண்ணீரைப் பார்த்ததும் முகம் சுருங்கிப் போனது.

"மாமா, மோட்டார் ஏன் ஓடுது? இன்னைக்கு வியாழக்கிழமைதானே? ரிப்பேராத்தானே இருக்கணும்?"

ஆபரேட்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

மெக்கானிக் மேலாளர் பக்கம் திரும்பினாள். "இவங்க எதுக்கு சார் வர்றாங்க?"

"குளம் கட்டப் பணம் கொடுத்தப்போ அரசாங்கம் ஒரு நிபந்தனை போட்டுச்சு. பின் தெரு ஸ்கூல் பசங்களுக்கும் வாரம் ஒரு நாள் திறந்து விடணுமாம். வியாழக்கிழமையைக் கொடுத்துட்டோம்."

"தண்ணியை வடிக்கிற நாளையா?"

"திறந்து விடணும்னுதான்மா நிபந்தனை. தண்ணி இருக்கணும்னு யாரும் சொல்லலையே!" மேலாளர் கண்ணைச் சிமிட்டினார். "போன வருஷம் காஞ்ச தரையில குப்புறப் படுக்க வெச்சு, கை காலை ஆட்டச் சொல்லி போட்டோ எடுத்து அனுப்பினோம். மேலிடத்துல ஒரே பாராட்டு. இப்போ இந்த மோட்டார் சனியன் நின்னு நின்னு, இதுங்க தண்ணியிலயே இறங்கிடுதுங்க. அதை விடு. கோளாறு மோட்டார்லயா, ஆள்லயா?"

தண்ணீர் ஒரு படி இறங்கியிருந்தது. படுக்கை விரிப்புக்காரி அந்தப் படியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மெக்கானிக் சோதிப்பதுபோல் பெட்டிக்குள் கையை விட்டு அந்த ஒயரை உருவினாள். குளம் சட்டென்று அமைதியானது.

"மோட்டார்லதான் சார்."

"ஐயையோ! எப்போ சரியாகும்?"

அவள் ஆபரேட்டரைப் பார்த்தாள்.

"நாளைக்கு சார்."