சட்டைப்பையில் பிளக்

பெரியவர் மொபெட்டின் ஸ்பார்க் பிளக்கைத் திருகினார். இறுகவில்லை.

இன்னும் ஒரு சுற்று. ஸ்பேனர் சும்மா சுற்றியது.

பெடலை மிதித்தார். டப்பென்று பிளக் தெறித்து வந்து வயரில் தொங்கியது.

மொபெட்டைத் தள்ளிக்கொண்டே போனார்.

மெக்கானிக் மரியதாஸ் பிளக் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான்.

"பெரியவரே, பிளக்கத் திருகுற மரை சுத்தமாப் போச்சு. இது ஓடித் தேஞ்சதில்ல. கழட்டிக் கழட்டித் தேஞ்சது. பிளக்கு என்ன பல்செட்டா, தெனம் கழட்டி வைக்க?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

மகன் ஒரு தரம் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். ஒரே ஒரு தரம். அன்றிலிருந்து சாயங்காலமானால் பிளக் கழன்று அவர் சட்டைப்பைக்கு வந்துவிடும்; அது இல்லாமல் வண்டி கிளம்பாது.

பிறகு ஒருநாள் விடிகாலையில் பெட்டியோடு வந்து நின்றான்.

"வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்கப்பா. பஸ்ஸுக்கு நேரமாச்சு. பிளக்கக் குடுங்க."

கொடுக்கவில்லை.

நாலு மைல். நடந்தே போனான். போனவன் வரவில்லை. பதினோரு வருசம் ஆச்சு.

பிளக் மட்டும் தினமும் பைக்கு வந்தது. வீட்டில் வேறு ஆள் கிடையாது. ஆனாலும் எவனை நம்புவது?

எஞ்சின் ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் கொடுத்தான் மரியதாஸ். ஓட்டையைக் குடைந்து, உள்ளே புஷ் வளையம் போட்டு, புது மரை வெட்டி வந்தது. மாட்டி முடிக்கும்வரை அவர் ஸ்டூலை விட்டு எழவில்லை. கார்பரேட்டரை மாற்றிவிட்டால்?

புது பிளக்கை மரியதாஸ் விரலாலேயே உள்ளே விட்டான். தடுக்கியது. அழுத்தவில்லை. வெளியே எடுத்து மறுபடி விட்டான். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

அப்புறம்தான் ஸ்பேனர். அதுவும் அரைச் சுற்று.

"இனிமே இதத் தொடாதீங்க."

சாயங்காலம் வண்டியை வாசலில் நிறுத்தினார். கை தானாக பிளக்குக்குப் போனது.

எடுத்துக்கொண்டார், கையை.

ராத்திரி படுத்தபோது சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை.

காலையில் கதவைத் திறந்தார்.

நிறுத்திய இடத்திலேயே நின்றது. சீட் முழுக்கப் பனி. ஒரு கை பட்ட தடம் இல்லை.

அன்று சாயங்காலம் பெட்ரோலை முழுசாக நிரப்பினார். வண்டியை, மகன் நடந்து போன தெருப்பக்கம் பார்த்து நிறுத்தினார்.

கேட்டைச் சாத்தவில்லை.