கடைசி வீடியோவில் இல்லாதவன்

முழங்கால் ஜவ்வு கிழிந்தவர்கள் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய பயிற்சிகளைப் படம்பிடித்து இணையத்தில் போட பிசியோதெரபிஸ்ட் அனிட்டா முடிவு செய்தபோது, செய்துகாட்டப் பேச்சிமுத்துவைத்தான் கூப்பிட்டாள். அவன் கபடிக்காரன், அவளிடம் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தவன். ஆபரேஷன் செய்த இடது கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் வலது காலிலேயே செய்துகாட்டினான். பார்த்தவர்களுக்கு அது தெரியாது. "அண்ணா, உங்களப் பாத்துதான் இப்ப மாடி ஏறுறேன்" என்று எழுதினார்கள். வெளியூர் டாக்டர்கள்கூடத் தங்கள் நோயாளிகளுக்கு அந்த வீடியோக்களை அனுப்பினார்கள்.

கடைசி வீடியோ, மறுபடி ஆடுகளத்தில் இறங்குவதைப் பற்றியது. இரண்டு காலாலும் எம்பிக் குதிக்க வேண்டும்.

"இதுக்கு மட்டும் வேற ஆளப் பாக்கட்டுமா பேச்சி?" என்றாள் அனிட்டா.

"பாருங்க மேடம்." இடது காலைத் தடவியபடி அவனே கேட்டான். "இது இனிமே மடங்காதுல்லா?"

அவள் செல்போனை எடுத்து வேறு ஆளுக்குப் போன் போட்டாள்.

வாலிபால் ஆடுகிற ஒருவன் வந்து குதித்துக் காட்டினான். பேச்சிமுத்துதான் செல்போனைப் பிடித்துப் படம் எடுத்தான்.

வீடியோ வந்த அன்றே யாரோ கேட்டிருந்தார்கள். "பழைய அண்ணன் எங்க?"

"அவர் குணமாகி ஆடப் போயிட்டார்" என்று அனிட்டா பதில் எழுதியிருந்தாள். அதன் கீழே வாழ்த்துகள் வந்துகொண்டே இருந்தன. பேச்சிமுத்து காலை நீட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தான். பிறகு அனிட்டாவின் பதிலுக்கு அவனும் ஒரு லைக் போட்டான்.