பக்கம் மாறி

கச்சேரி மேடை ஜமக்காளத்தில் உட்காரப் போகும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, இன்றைக்கு மிருதங்கம் இடக்கைக்காரர்.

இடக்கைக்காரர் வந்தால் பக்கம் மாற வேண்டும். மிருதங்கத்தின் வலந்தலை, அந்த நாதம் பேசும் முகம், சபையைப் பார்த்து இருக்க வேண்டுமே. அவர் பாடகிக்கு இடப்பக்கம். வயலின் வலப்பக்கம்.

"உங்களுக்குத்தான் சிரமம்" என்றார் மிருதங்கக்காரர் மணிவாசகம்.

சில வயலின்காரர்கள் இதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அவள் வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வலப்பக்கம் உட்கார்ந்தாள். சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

போன ஆவணியில் அவளுடைய வலது காது போயிற்று. ஒரு காய்ச்சல், அவ்வளவுதான்.

யாரிடமும் சொல்லவில்லை. பதினோரு வருடமாகப் பாடகி ஆனந்தவல்லி அக்காவுக்குப் பக்கவாத்தியம். சொன்னால் மறுநாளே அந்த இடத்தில் வேறு ஆள். அவள் அப்படித்தான் நம்பினாள்.

வழக்கமான இடத்தில், அக்காவுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தால், பாட்டு அந்தச் செத்த காதுப் பக்கம்தான் வரும். "மானிட்டர்ல பாட்டை இன்னும் கொஞ்சம் ஏத்துங்க" என்று மைக்செட்காரரிடம் கெஞ்சியே இத்தனை நாள் ஓட்டினாள்.

அக்காவுக்கும் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. ராகம் பாடும்போது ஒவ்வொரு பிடியின் முடிவிலும் இடப்பக்கம் திரும்பி, அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, கடைசி ஸ்வரத்தை நிறுத்திவிட்டு, அவள் அந்தப் பிடியை வயலினில் திருப்பி வாசிக்கக் காத்திருப்பார்.

வயதாகிறது, மூச்சு வாங்குகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். தனக்கு அது சௌகரியமாகவும் போயிற்று.

இன்று எதையும் ஏற்றச் சொல்லவில்லை.

அக்கா காம்போதி ராகத்தை எடுத்தார்.

எல்லாம் கேட்டது. கமகத்தின் ஒவ்வொரு அசைவும். மூச்சு இழுக்கும் சத்தம்கூட. அவளுக்கு அழுகை வந்தது. வில்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அக்காவுக்கு மூச்சு வாங்கவே இல்லை.

முதல் நீளமான பிடி முடிந்தது. அக்கா இடப்பக்கம் திரும்பினார். குனிந்தார். கடைசி ஸ்வரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

அங்கே மணிவாசகம் இருந்தார்.

ராகம் பாடும்போது மிருதங்கத்துக்கு வேலை கிடையாது. கைகளை மடியில் வைத்திருந்த மனிதர், எதற்கென்று புரியாமல் பலமாகத் தலையாட்டினார்.

அதற்குள் இந்தப் பக்கம் அவள் அந்தப் பிடியை ஒன்று விடாமல் வாசித்து முடித்திருந்தாள்.

அக்கா திரும்பி அவளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு மைக்கைக் கையால் மூடிக்கொண்டு மணிவாசகத்தின் பக்கம் சாய்ந்தார்.

"பழக்கதோஷம் தம்பி. போன ஆவணியிலேர்ந்து."

மிகவும் தாழ்ந்த குரல். அவள் காதில் விழக் கூடாது என்று சொன்னது.

விழுந்தது.