காரணம் கேட்க வந்தவர்

சாவு விழுந்த வீடுகளுக்குப் போய், எதனால் செத்தார் என்று கேட்டு எழுதுவது டெமிஸுவின் வேலை. அன்று போன வீட்டின் வேலி வாசலிலேயே, செத்த பையனின் அப்பா பெசாபி வழிமறித்தார்.

"மெதுவாப் பேசுங்க தம்பி. பையன் போனது அவங்கம்மாவுக்குத் தெரியாது. நெஞ்சுவலிக்காரி. அறுப்பு முடியட்டும், வழக்கப்படி சொந்தக்காரங்களைக் கூட்டி விடியக்காலையில சொல்லிக்கிறோம்."

அடிஸ் அபாபாவில் கட்டடச் சாரம் சரிந்து செத்தவனை அங்கேயே புதைத்த கதையைக் கேட்டு எழுதிக்கொண்டு கிளம்பப் பார்த்தார் டெமிஸு. பெசாபியின் மனைவி டெருனேஷ் விடவில்லை. உள்ளே அழைத்துக் காப்பி ஊற்றினாள். டெமிஸுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆடு எத்தனை, கோழி எத்தனை என்று எதையோ கேட்டு ஒப்பேற்றினார்.

பெசாபி மாட்டைக் கட்டப் போனதும் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"என் பிள்ளை எப்படிச் செத்தான்?"

டெமிஸு கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நீங்க எந்த மாதிரி வீட்டுக்கு வருவீங்கன்னு எனக்குத் தெரியாதா? தினம் காப்பிக்கு வர்ற பொம்பளைங்க ஒரு மாசமா என் மூஞ்சியில முழிக்கலை. நான் யாரைப் போய்க் கேட்பேன்? நீங்களாவது சொல்லுங்க."

சொன்னார். அவள் மேல்துணியை வாயில் அடைத்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்துத்தான் எடுத்தாள்.

"எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. என்கிட்ட மறைக்கிற வேலை ஒண்ணுதான் அந்த மனுஷனை நிக்க வெச்சிருக்கு."