டீசல் பம்பு முன்னால் ஓர் ஆர்கன்

ஐந்து பேக்கன் ரொட்டிகளைக் காகிதப் பையில் வாங்கிக்கொண்டு ஹெவின் சாப்பாட்டுக் கடையை விட்டு வெளியே வந்தபோது வேனைக் காணவில்லை.

மழை அப்போதுதான் பிடித்திருந்தது. வேன் நின்ற இடம் மட்டும் காய்ந்த சதுரமாகத் தெரிந்தது, அதுவும் அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நனைய ஆரம்பித்தது.

பெட்ரோல் போடப் போயிருப்பார்கள் என்று நினைத்துப் பக்கத்துப் பங்கைப் பார்த்தான். அங்கேயும் வேன் இல்லை.

அவன் வாசிக்கும் ஆர்கன் பெட்டி இருந்தது.

டீசல் பம்புக்கு நேர் முன்னால், தகரக் கூரைக்குக் கீழே, தார்ப்பாய் போர்த்தி நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் அவனுடைய துணிப்பெட்டி. நனையக் கூடாது என்று அவ்வளவு அக்கறை.

மறந்து போனவர்கள் ஆர்கனை இறக்கி வைத்துவிட்டுப் போவதில்லை. இதைப் புரிந்துகொள்ள ஹெவினுக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. பாட்டு கட்டுவதில் இருந்த சாமர்த்தியம் மற்ற விஷயங்களில் அவனுக்கு என்றைக்குமே கிடையாது.

அன்று சாயங்காலம் லண்டனில் ரெக்கார்டு கம்பெனியில் கையெழுத்து. ஆறு வருடமாக அவர்கள் ஐந்து பேரின் பாட்டுக் குழு சுரங்கத் தொழிலாளர் கிளப்புகளில் வாசித்து வந்தது. பாட்டுச் சத்தத்தில் பிங்கோ ஆட்டத்தில் கூப்பிடும் எண் காதில் விழவில்லை என்று கிழவிகள் திட்டுவார்கள். அந்தத் திட்டுக்கு நடுவே உட்கார்ந்து ஹெவின் எழுதிய பாட்டுகளைத்தான் கம்பெனிக்காரன் கார்டிஃபில் கேட்டுவிட்டு எழுந்து நின்றான்.

பாட்டு எழுதியவன் யார் என்று கேட்டான். காட்டினார்கள். வழுக்கையையும் சோடாபுட்டிக் கண்ணாடியையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இவரு ரெக்கார்டு அட்டையில வந்தா கடையில பொண்ணுங்க கிட்டயே வராதே” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஹெவினும் சிரித்தான். 

பாட்டுகளுக்கு ஒன்றும் குறைவில்லை. ஒவ்வொன்றும் அவர்கள் நால்வருக்கும் மனப்பாடம். வாரக்கணக்கில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான்.

கடைக்கார அம்மாள் ஓல்வென் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“என்ன கண்ணு, கூட்டாளிங்க கழட்டி விட்டுட்டாங்களா?”

“திரும்பி வந்துருவாங்க. என் தம்பி வண்டியில தூங்குறான். முழிச்சான்னா அவனுங்கள ஒரு வழி பண்ணிருவான்.”

அவன் உண்மையாகவே அப்படித்தான் நம்பினான். பாடகன் ட்யூடர் இதைச் செய்யக்கூடியவன். கிதார் மெரிக் ட்யூடரின் வால். பாஸ் கிதார் வாசிக்கும் பிரின் யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவான். மூன்று பேரும் சேர்ந்து திட்டம் போட்டிருக்கிறார்கள். தம்பி கார்வின் தலையைக் கூடத் தூக்கியிருக்க மாட்டான். ஹெவின் இறங்கும்போதே பார்த்தான், கோட்டை முகத்தில் போட்டுக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அந்தத் தூங்குமூஞ்சிப் பயலுக்கு டிரம்ஸ் வாங்கித் தந்ததே ஹெவின்தான்.

லண்டன் வழியில் வரும் பெரிய பாலத்துக்கு முன்னால் எங்காவது விழித்துக்கொள்வான். அண்ணன் எங்கே என்று கேட்பான். வண்டியைத் திருப்ப வைப்பான்.

ஹெவின் துணிப்பெட்டி மேல் உட்கார்ந்து சாலையையே பார்த்தான். தம்பியின் ரொட்டி ஆறிவிடக் கூடாது என்று பையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டான். தன்னுடையதை மட்டும் எடுத்துத் தின்றான். பசி வெட்கம் கெட்டது.

நிலக்கரி லாரி ஒன்று பங்குக்குள் நுழைந்து ஹார்னை அலற விட்டது.

“யாருய்யா அது, பம்பு முன்னால சவப்பெட்டிய கொண்டாந்து வச்சது?”

பங்குக்காரர் டீக் கோப்பையோடு ஓடி வந்தார். “நான் உள்ள போய் டீ ஊத்திட்டு வர்றதுக்குள்ள இத இறக்கிட்டுப் போயிட்டானுங்க. ஒருத்தனும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.”

“என்னோடதுதான்” என்றான் ஹெவின் எழுந்து. “இழுத்துராதீங்க, கால் ஒடிஞ்சிரும். தூக்கித்தான் வைக்கணும்.”

“நீயும் ஒரு கை குடு.”

அவன் தயங்கினான். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவன் அதைத் தூக்கியதில்லை. விரல் நசுங்கினால் வாசிப்பது யார் என்று கார்வின் கிட்டவே விட மாட்டான். ஏற்றுவது, இறக்குவது எல்லாம் மற்றவர்கள் பாடு. அப்போதெல்லாம் ஹெவின் உள்ளே நின்று யாராவது ரசிகையோடு பேசிக்கொண்டிருப்பான்.

“விரலுக்கு ஏதாச்சும் ஆயிரும்னு பயம்” என்று முணுமுணுத்தான்.

“அடேயப்பா, சீமாட்டி!” என்றார் லாரிக்காரர். கிளீனரை இறங்கச் சொன்னார். பங்குக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார்.

மூன்று பேரும் மல்லுக்கட்டினார்கள். லாரிக்காரருக்குப் புஜம் ஒவ்வொன்றும் தொடை கனம், நாளெல்லாம் கரி மூட்டை தூக்குகிறவர். ஒரு பக்கம் அரை அங்குலம் எழும்பி, தடாலென்று உட்கார்ந்தது. இடம் மாறிப் பிடித்துப் பார்த்தார்கள். கிளீனரின் முகம் சிவந்து போயிற்று.

“மூணு பேரால ஆகாது” என்றார் லாரிக்காரர், மூச்சு வாங்க. “மூணு பேரால இத அசைக்கக் கூட முடியாது. உன் ஆளுங்க எத்தன பேரு இத வண்டியிலருந்து இறக்கினானுங்க?”

ஹெவின் சாலையை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் பார்க்கவில்லை.

கோட்டுக்குள்ளிருந்த பையை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டான். மிச்சமிருந்த மூலைக்குப் போய்க் குனிந்து, இரண்டு கைகளையும் அடியில் கொடுத்தான்.

ஆர்கன் மேலே வந்தது. பம்பைத் தாண்டிச் சுவரோரம் கொண்டுபோய் மெதுவாக வைத்தார்கள்.

லாரிக்காரர் உள்ளங்கையைத் தட்டிக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தார்.

“பாத்தியா? நாலு பேருன்னா ஒண்ணுமே இல்ல.”